முன்சீட்டில் ஆள் இல்லையாம்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு ஒர்க்ஷாப்பில் முதல் வண்டியே வம்பு வண்டி. டேஷ்போர்டில் சிவப்பு ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. வண்டிக்காரர் இறங்கினதும் இறங்காததுமாக, அந்த லைட்டை மட்டும் அணைத்துக் கொடுத்தால் போதும் என்றார். விளக்கா வியாதி? போன மாதம் ஒருத்தர் விளக்கின் மேல் கறுப்பு டேப்பையே ஒட்டிக்கொண்டு வந்தார். நான் உரித்துப் போட்டேன். அவருக்குக் கோபம், எனக்கு அதைவிடக் கோபம். முதலாளி நடுவில் வந்து நின்றுகொண்டார்.

ஸ்கேனரை மாட்டிப் படித்தேன். ஒரே ஒரு எரர் கோடு: பயணி சீட்டின் எடை சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மிச்ச கரண்ட் வடியட்டும் என்று காத்திருந்தேன். ஏர்பேக் வேலையில் மட்டும் எனக்குப் பொறுமை உண்டு, மற்றபடி நான் எப்படி என்று ஊருக்கே தெரியும். சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு பொம்மை லாரி சிக்கியிருக்கிறது. சீட்டை முன்னே பின்னே தள்ளும்போதெல்லாம் அது மஞ்சள் கனெக்டரை இடித்து இடித்து, பாதி கழன்றே போய்விட்டது. சரியாக மாட்டினேன், கோடை அழித்தேன், விளக்கு அணைந்தது. லாரியை அவர் கையில் கொடுத்தேன். அதைக் காணோம் என்று வீட்டில் ஒரே அழுகையாம்.

இப்படி இருந்தால் வேலை இனிக்கும். கோடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, முடிந்தது.

சாயங்காலம் அக்காவை அவள் தையல் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். பார்த்தால் நம் வண்டியிலும் ஒரு விளக்கு. சிவப்பு இல்லை, மஞ்சள். "பயணி ஏர்பேக் ஆஃப்." முன்சீட் காலியாக இருந்தால் எரியும், குழந்தை உட்கார்ந்தால் எரியும். பெரியவர்கள் உட்கார்ந்தால் அணைய வேண்டும். அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அது பாட்டுக்கு எரிகிறது. கோணலாக உட்கார்ந்திருப்பாள். நேராக உட்காரச் சொன்னேன். உட்காரக்கூட உன்கிட்டதான் கத்துக்கணுமா என்று வள்ளென்று விழுந்தாள்.

மார்ச் 7, வியாழன்

மறுபடியும். வீட்டிலிருந்து கடை வரைக்கும் எரிந்தது. அவளைக் கடை வாசலில் இறக்கிவிட்ட பிறகும் எரிந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை வண்டிக்கு.

மார்ச் 8, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் வண்டிக்கு ஸ்கேனர் மாட்டினேன். ஏர்பேக் சிஸ்டம் முழுக்கப் படித்தேன். கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை. பழைய கோடு, இப்போதைய கோடு, எதுவுமே கிடையாது. பிழை எதுவும் இல்லை என்று பச்சையில் காட்டுகிறது.

விளக்கு எரியுது, ஆனா பிழை இல்லையாம். அப்ப எரியறது எதுக்கு? பொழுது போகலையா அதுக்கு?

மார்ச் 9, சனி

யானையை உட்காரவைத்தேன். டயர் வேலை பார்க்கிறவன், அவன் ஏறினால் வண்டியே ஒரு பக்கம் சாயும். உட்கார்ந்தான், விளக்கு அணைந்தது. யானைக்கு அணைவதில் என்ன ஆச்சரியம் என்று முதலாளி சிரித்தார். சரி, கணக்கு எழுதுகிற அம்மாவைக் கூப்பிட்டேன். ஊசி மாதிரி இருப்பாள். தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். அவளுக்கும் அணைந்தது.

அக்காவுக்கு மட்டும்தான் எரிகிறது.

வீட்டில் சொன்னேன். "எனக்கும் உன் வண்டிக்கும் ஏழாம் பொருத்தம், விடுடி" என்றாள். சொல்லிக்கொண்டே தட்டை மறுபடி நீட்டினாள், மூன்றாவது தடவை. அவள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு யானைக்குப் போட்டியாக வரவேண்டும். இப்போதெல்லாம் என்னைவிட அதிகம் சாப்பிடுகிறாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, எனக்குக் குளிருகிறது என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கோ என்கிறாள்.

மார்ச் 12, செவ்வாய்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் இன்றைக்கு. சீட்டுக்கு அடியில் ஒயரைப் பார்க்கலாம் என்று கனெக்டரைக் கழற்றினேன் — சாவி ஆன்-ல் இருப்பதைக் கவனிக்காமல். உடனே சிவப்பு விளக்கும் சேர்ந்துகொண்டது. படித்தால் கோடு: சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. எப்படி வரும்? நான்தானே பிடுங்கிவைத்திருக்கிறேன். புதுசாக வேலைக்கு வருகிறவர்களை இதற்காகவே நான் கடித்துக் குதறியிருக்கிறேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. மாட்டி, கோடை அழித்து, ஒன்றும் நடக்காதது மாதிரி கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஒன்று தோன்றியது. வருஷ ஆரம்பத்தில் சீட் கவர் மாற்றினேன். மாற்றினால் சென்சாருக்குப் பூஜ்யம் சொல்லிக்கொடுக்க வேண்டும்: சீட் காலி, இதுதான் உனக்கு ஒன்றுமில்லை, இங்கிருந்து எண்ணு என்று. அன்றைக்கு என் டூல்ஸ் பையை சீட்டிலேயே வைத்துக்கொண்டு பூஜ்யம் செட் பண்ணித் தொலைத்தேனோ? பையின் எடையை அது பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், உட்காருகிற எல்லாரையும் அவ்வளவு குறைத்துத்தான் காட்டும். ஊசி மாதிரி இருக்கிற கணக்கம்மா எப்படித் தப்பித்தாள் என்பதுதான் இடிக்கிறது, போகட்டும். அதேதான். வேறென்ன இருக்க முடியும்?

மார்ச் 13, புதன்

சீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பூஜ்யம் செட் பண்ணினேன். இரண்டு தடவை.

சாயங்காலம் அக்கா உட்கார்ந்தாள். எரிகிறது.

மார்ச் 16, சனி

டேப் ஒட்டிவிட்டேன்.

நான்தான். கறுப்பு டேப். யாரைத் திட்டினேனோ அவர்களோடு சேர்ந்தாயிற்று. என்ன பண்ணுவது, ஓட்டும்போது கண் அங்கேயே போகிறது. இன்றைக்கு சிக்னலில் முன்னால் நின்ற வண்டியை இடிக்கப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக, சூடாக இருந்தது. சென்சார் புதுசு வாங்கணும். வாங்குகிற வரைக்கும்தான் டேப்.

மார்ச் 21, வியாழன்

சரி, எண்ணையே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். கோடு இல்லாவிட்டால் என்ன, சென்சார் இந்த நொடி எவ்வளவு எடை உணருகிறது என்று ஸ்கேனரிலேயே பார்க்கலாம். காலின் பாரம் தரையில் போய்விடும் என்பதால் நிஜ எடையைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அது தெரிந்ததுதான். கணக்கம்மா தராசில் ஐம்பது, சீட்டில் நாற்பத்து மூன்று. சரியாகத்தான் இருக்கிறது.

மாலையில் அக்காவை ஏற்றும்போது ஸ்கேனரை மடியில் மறைத்துவைத்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று.

பொய். அக்கா ஐம்பத்தைந்துக்குக் குறைய மாட்டாள். நல்ல உடம்பு அவளுக்கு. சின்ன வயசில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினவள். சென்சார் செத்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

வேலை முடிந்ததும் இரண்டு பேட்டரியைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு, அப்படியே தூக்கி முன்சீட்டில் வைத்தேன். தராசு சொன்ன எடையையே சீட்டும் காட்டியது. ஒன்றை எடுத்தேன், பாதியாகக் குறைந்தது. திரும்ப வைத்தேன், ஏறியது. யானை கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, சென்சார் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே என்று கேட்டான்.

சென்சார் நல்லாத்தான் இருக்கு. வண்டி சரியாத்தான் சொல்லுது. அப்படின்னா

மார்ச் 24, ஞாயிறு

அக்கா குளிக்கப் போனபோது அவள் அலமாரியைத் திறந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளுடைய நீலச் சட்டை, ஓரத்தில் பூ போட்டது, மேலே கிடந்தது. உள்பக்கம் திருப்பினேன். பக்கவாட்டில் ஒரு தையல். அதற்கு உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே ஒன்று. நூல் நிறம் மூன்றும் வேறே வேறே. பக்கத்தில் இருந்த பச்சையை எடுத்தேன், அதிலும் அப்படியே. பாவாடை இடுப்பெல்லாம் பிடித்துத் தைத்திருக்கிறது. மடித்த துணி உள்ளே தடித்துக் கிடக்கிறது. வெட்டியெறியக்கூட இல்லை.

அளவாகப் பிடித்துத் தைத்து அளவாகவே போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடந்திருக்கிறாள். தொளதொள என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் போட்டிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள். தன் உடம்பு எவ்வளவு குறைந்தது என்று அவளுக்கு அங்குலக் கணக்கில் தெரியும். தெரிஞ்சே மறைச்சிருக்கா. பாவி. பாவி.

அவள் குளித்துவிட்டு வந்தபோது சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் மழுப்பினாள். கடையில் அலைச்சலாம். ஊரில் அவனவன் காசு கொடுத்து இளைக்கிறானாம், இவளுக்கு இலவசமாகக் கிடைத்ததாம். நான் சிரிக்கவில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரி என்றேன். முடியாது என்றாள். கத்தினேன். அவளும் கத்தினாள். கத்தின பிறகு மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மாவும் இளைச்சுதான் போனா. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தா. நீ ஒரு கை, நான் ஒரு கை. திரும்பி வரும்போது நடந்தா வந்தா?"

அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள். துண்டு பிடித்திருந்த கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 25, திங்கள்

முன்சீட்டில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வண்டிக்கு நீ பெரியவளே இல்லை, இடித்தால் உன் பக்கம் பை விரியாது, பின்னாடி உட்கார் என்றேன். வேறு எந்தப் பிடியும் எனக்குக் கிடைக்கவில்லை. பின்சீட்டில் ஏறினாள். பாதி வழியில், டிரைவர், கொஞ்சம் வெரசா போப்பா என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருக்கிறது. இது எப்போது ஒட்டியது? தினம் தினம் பார்க்கிற கண்ணை என்னவென்று சொல்வது.

மார்ச் 26, செவ்வாய்

கஸ்டமரிடம் கத்திவிட்டேன். அவர் தப்பே செய்யவில்லை.

மார்ச் 28, வியாழன்

பஸ்ஸில் போகிறாள். நான் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுகிறாள். எழுந்து பார்த்தால் டீ மூடிவைத்திருக்கிறது, ஆள் இல்லை. சாயங்காலமும் பஸ். வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான் பேச்சு. விடியும்போதே தொடங்கிவிடுகிறது. தூங்குகிறாளா இல்லையா?

நானும் தூங்கவில்லை. அம்மாவை நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் அம்மாவைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அக்கா போய்விட்டால் எனக்கு யார்? கட்டினவன் என்னை விட்டுப் போனபோது பெட்டியோடு இந்த வாசலில் வந்து நின்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அவள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, சாப்பிட்டியா என்றாள். அவ்வளவுதான். எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். அதை அவகிட்ட சொன்னா என்னன்னு மனசு சொல்லுது. வாயைத் திறந்தா சண்டைதான் வருது.

மார்ச் 30, சனி

வண்டியை எடுத்தேன். முன்சீட் காலி. டேப்புக்கு அடியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மத்தியானம் அக்கா கடையின் பட்டன் தைக்கிற பெண் போன் பண்ணினாள். அக்கா பண்ணச் சொல்லவில்லை, நானாகத்தான் பண்ணுகிறேன், உடனே வாங்க என்றாள். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே ஓடினேன்.

ஒரு கஸ்டமரின் துணியை வெட்டும்போது கத்தரிக்கோல் விலகிவிட்டது. நல்ல விலைத் துணி, கோட்டு தைக்கக் கொடுத்தது. முதுகுத் துண்டில் குறுக்கே உள்ளே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு துணியைக் கெடுத்தது கிடையாது. அவள் வெட்டுமேஜைக்கு முன்னால் கையிரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் வெளியே தெரியக் கூடாதாம். ஊசியில் நூல் கோத்து எத்தனையோ நாளாச்சாம், அந்தப் பெண்தான் கோத்துக் கொடுக்கிறாளாம். அதையும் அந்தப் பெண்தான் சொன்னாள். அக்கா அவளை முறைத்தாள்.

துணியை மடித்துவைத்தேன். வாக்கா என்றேன். வந்தாள். பின்கதவைத் திறந்தேன். அவள் அதைச் சாத்திவிட்டு முன்னாடி வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் டேஷ்போர்டையே பார்த்தாள். கை நீட்டி, நகத்தால் டேப்பை உரித்தாள். விளக்கு மஞ்சளாக எரிந்தது. டேப்பை விரலில் உருட்டிக்கொண்டு, "கஸ்டமரை எல்லாம் திட்டுவியே" என்றாள்.

உனக்கு மட்டும் என்ன என்று ஆரம்பித்தேன்.

"ஆமா. நீ ஒட்டினே, நான் தைச்சேன்" என்றாள்.

அப்புறம், அந்த மெஷினைக் குடு, அது என்னதான் சொல்லுதுன்னு நானே பாக்கறேன் என்றாள். ஸ்கேனரை மாட்டி மடியில் வைத்தேன். கோடு எதுவும் இல்லையே என்று படித்துவிட்டு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். அடுத்த பக்கம் போகச் சொன்னேன். எடை வந்தது. போன தடவையைவிட இன்னும் ஒன்று குறைந்து முப்பத்து இரண்டு.

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்கி வண்டியின் கூரையில் ஊன்றி அழுத்தினாள். எண் ஏறியது. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது. விளக்கு அணைந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். கை தளர்ந்தது. எண் இறங்கி முப்பத்து இரண்டில் வந்து நின்றது. விளக்கு மறுபடி எரிந்தது.

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேன், வேறென்ன செய்ய. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவுகிற கையும் நடுங்குகிறது.

"நாளைக்கு லீவு போடு" என்றாள்.

ஏப்ரல் 3, புதன்

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும்விடச் சின்னப் பெண். அக்கா நாக்கை நீட்டினாள், மூச்சை இழுத்தாள், சொன்னதையெல்லாம் செய்தாள். தண்ணீரை வாயில் வைத்து விழுங்கச் சொல்லி டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தாள் படபட என்று அடித்துக்கொண்டது. ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் இல்லை. அக்கா தாளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு எப்படி என்று டாக்டர் கேட்டாள். நிறையச் சாப்பிடுவாள் என்றேன். தூக்கம்? வேர்வை? படபடப்பு? கோபம்? எல்லாம் என்றேன். கோபம் எங்கள் குடும்பச் சொத்து என்று அக்கா திருத்தினாள். டாக்டர் சிரித்துவிட்டாள். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். கழுத்துக்கு ஒரு ஸ்கேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

டாக்டர் முகத்தைப் படிக்க ஒரு மெஷின் இருந்தால் தேவலை.

ஏப்ரல் 5, வெள்ளி

ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு வண்டிக்குக் கோடு படித்தேன், படித்த உடனே மறந்துபோனேன், மறுபடி படித்தேன். யானை என்னை உட்காரவைத்துவிட்டு அவனே சீட்டைக் கழற்றினான். தப்பாகக் கழற்றினான். நான் திட்டினேன். கொஞ்சம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

வீட்டில் கழுவக் கிடந்ததையெல்லாம் கழுவிவிட்டேன். கழுவினதையும் கழுவினேன். அக்கா ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கிறாள். எனக்கு ஒண்ணுன்னா கடையை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு என்றாள், பேச்சோடு பேச்சாக. கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

அது இல்லை.

அம்மாவுக்கு வந்தது இல்லை. எழுதிப் பார்த்தாலும் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. அது இல்லை, அது இல்லை.

தைராய்டு. கழுத்தில் இருக்கிற சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். சாப்பிடுகிறதெல்லாம் எரிந்துபோகிறது, இதயம் ஓடுகிறது, கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை. நிற்கிற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தால் எப்படியோ அப்படி என்று நான் சொன்னேன், டாக்டர் அப்படியும் சொல்லலாம் என்றாள். மருந்து இருக்கிறது. ஆனால் இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது, லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அக்காவைப் பார்த்து அழுத்திச் சொன்னாள். எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை, வண்டிதான் என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. விளக்குகிற நிலையில் நான் இல்லை.

வெளியே வந்து அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். இதுக்கா இத்தனை நாள் பயந்து செத்தேன் என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஏப்ரல் 20, சனி

மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் அரிப்பு, தடிப்பு. இனிமேல் விழுங்க மாட்டேன் என்று பிடிவாதம். டாக்டர் வேறு மாற்றிக் கொடுத்தாள். எடை ஏறவில்லை. பின்சீட்டில்தான் வருகிறாள். டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

மே 11, சனி

காலையில் தொண்டை வலி, லேசாகக் காய்ச்சல் என்றாள். இந்த மாத்திரை சாப்பிடுகிறபோது தொண்டை வலி வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, ரத்தத்தையே பாதிக்கலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தாள். உடுத்தின துணியோடு ஓடினோம். வழியில் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினேனோ. ரத்தம் எடுத்தார்கள், உட்காரவைத்தார்கள். உட்காரமுடியாமல் நான் வராந்தாவை அளந்தேன். ரத்தம் சரியாக இருந்தது. வெறும் சளி.

திரும்பும்போது, உன்னை வேலைக்கு வெச்சதுக்கு இன்னைக்குத்தான் ஒழுங்கா ஓட்டினே என்றாள்.

ஜூன் 5, புதன்

விடிந்து எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பயந்துபோய் அவள் அறைக்கு ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை வேறு. தையல் மெஷின் மேல் உறை போட்டிருந்தது. கதவைச் சாத்தாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். குளிருகிறதாம். ஸ்வெட்டர் போட்டுக்கோ என்றேன்.

ஊசியில் அவளே நூல் கோத்தாள். மூன்றாவது தடவையில்தான் போனது. பக்கத்தில் நின்றுகொண்டு பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 17, சனி

நீலச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்தையலை மட்டும். கையிடுக்கில் பிடிக்கிறதாம். எரிச்சலாகத்தான் சொன்னாள். நானும் அப்படியா என்று எரிச்சலாகவே கேட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினேன். அக்கா பூட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். பின்கதவு வரை போனவள் நின்றாள். முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள், பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். பையின் எடையால் வந்தது என்று நான் சொல்லிவிடக் கூடாதாம்.

சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்தது. ஒவ்வொன்றாக அணைந்தது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் யோசித்தது. அணைந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், கூரையில் ஊன்றவில்லை என்று. பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "பல்பைப் பிடுங்கிட்டியா?" என்றாள்.

இறங்கு என்றேன். இறங்கினாள். விளக்கு எரிந்தது. ஏறு என்றேன். ஏறினாள், அணைந்தது. நம்பாமல் அவளாகவே இன்னொரு தடவை இறங்கி, கதவு வழியாகக் குனிந்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறினாள். மறுபடி இறங்கினாள். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன்காரர் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார். அவர் பாவம், ஒரு அம்மாள் வண்டியில் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

ஏறுக்கா, நேரமாச்சு என்றேன். ஏறினாள். அணைந்தது. கடை வரைக்கும் அப்படியே இருந்தது. வழியெல்லாம் பிரேக் போடுவது சரியில்லை, டிரைவராக இருந்தபோதே நன்றாக ஓட்டினேன் என்று திட்டிக்கொண்டே வந்தாள்.